ஏழாவது கதவுக்கு அப்புறம்தான் பேய்

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடி, பாப்பா. பின்னட்டையில் ஒரு போட்டோ இருக்கிறதே, அதைப் பார்க்கணும்.

ஆமாம், அந்த ஆள்தான். தவசிலிங்கம் வாத்தியார். அப்போது முன்மண்டை இவ்வளவு வெளியே தெரியாது. தாடையில் கையை வைத்துக்கொண்டு என்னமோ யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார் பார். அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. நான் சொல்வேன், அவர் எழுதுவார். அவ்வளவுதான் நடந்தது.

நீயும் காலேஜ் ஸ்டாப்பில்தானே இறங்குகிறாய்? டிக்கெட் எடுக்கும்போது காதில் விழுந்தது. நானும் அங்கேதான். ஸ்டாப் வந்தால் சொல்லு, விட்டுவிட்டால் மதுரைக்குப் போய்த்தான் திரும்பணும். விழா பதினொன்றரைக்குத்தானே? இந்த டிரைவர் உருட்டுகிற உருட்டில் காரியாபட்டி தாண்டவே பதினொன்று ஆகிவிடும் போலிருக்கிறது. எனக்கு எதற்கு அந்த விழா என்று பார்க்கிறாயா? வாத்தியார் ரிட்டயர் ஆகிறார், ஊரே பாராட்டுகிறது, நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்கலாமா? மகளிடம் கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் விடமாட்டாள்.

'திரைப்பட வகைகள்: ஓர் அறிமுகம்'. நான் படிப்பேன், பாப்பா. ஆறாவது வரை போனேன். அப்புறம் தீப்பெட்டி ஒட்ட உட்கார வைத்துவிட்டார்கள். நீ அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்து, காதில் காற்று அடித்தால் எனக்கு ஆகாது. இன்னும் கொஞ்சம். போதும்.

இந்தப் புத்தகம் என்னுடையது. சிரிக்காதே. அருப்புக்கோட்டையில் கனகராணி டாக்கீஸ் என்று ஒரு தியேட்டர் இருந்தது. அதில் இருபத்திரண்டு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் கேண்டீன் நடத்தினோம். அவர் பேர் குருவையா. அவர் டீ போடுவார், நான் எண்ணெய்ச் சட்டி. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட நான் முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்க நேரம் ஏது? சுவருக்கு அந்தப் பக்கம் படம், இந்தப் பக்கம் அடுப்பு. எல்லாம் காதால் கேட்டதுதான்.

ஆனால் கேட்டே ஆகவேண்டும். அதுதான் தொழில். இடைவேளை விட்டதும் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். பத்து நிமிஷம். அதற்குள் சூடாக இருக்கணும். முன்னாலேயே போட்டால் பஜ்ஜி ஆறிவிடும், பின்னால் போட்டால் மணி அடித்துவிடும். அதனால் படம் எப்போது இடைவேளைக்கு வரப்போகிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கணும். முதல் நாள், முதல் ஆட்டம், கால்மணி நேரம் காது கொடுத்தால் போதும். இது என்ன படம், எத்தனை வடை போகும், எத்தனை சோடா உடையும், எல்லாம் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் போஸ்டரைப் பார்த்து மாவு கரைக்கச் சொல்வார். போஸ்டர் பொய் சொல்லும், பாப்பா. துப்பாக்கி பிடித்துக்கொண்டு நிற்பான், உள்ளே முழுக்க அழுகையாக இருக்கும்.

அழுகைப் படம் என்றால் வடை போகாது. கண் கலங்கினவர்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும், எதை விழுங்குவது? டீ குடிப்பார்கள், பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுப்பார்கள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். ஆனால் படம் விட்டதும் பார்! அத்தனை பேரும் வீட்டுக்குப் பார்சல் வாங்குவார்கள். வீட்டில் இருப்பவர்கள் மேல் திடீரென்று பாசம் வந்துவிடும். சிரிப்புப் படத்துக்கு நேர்மாறு. சிரித்தவனுக்குப் பசிக்கும். இரண்டு பங்கு மாவு கரைக்கணும். அடிதடிப் படத்துக்குக் கண்ணாடி கிளாஸை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளர்தான் கொடுப்பேன். சண்டை பார்த்து வந்தவன் கிளாஸைக் கீழே வைக்கமாட்டான், குத்துவான். துப்பறியும் படம் வந்தால் என் வீட்டுக்காரருக்கு எரிச்சல். போட்ட டீயை எடுக்காமல் நின்று 'கொன்னது தம்பிக்காரன்தான்' 'இல்ல, டாக்டர்' என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். டீ ஆறிப்போகும். ஆறின டீக்கு எங்களைத் திட்டுவார்கள்.

சாமிப் படத்துக்கு முட்டை பப்ஸ் உள்ளேயே வரக்கூடாது. மஞ்சத்தண்ணியும் வேப்பிலையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருப்பேன். அம்மன் ஆடுகிற கட்டத்தில் பெண்கள் பக்கம் ஒருத்திக்காவது அருள் வந்துவிடும். எது அம்மன் ஆடுகிற கட்டம் என்று எனக்குத் தெரியும், உடுக்கைச் சத்தம் ஏறும்போதே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

இதெல்லாம் படித்த மாதிரி இருக்கிறதா? இருக்கும், இருக்கும். மூன்றாவது பாடமா? பார்த்தாயா.

வாத்தியாருக்கு மாமனார் வீடு எங்கள் பின்தெரு. சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். மாமனாரோடு அவருக்குப் பேச்சு ஒட்டாது, மத்தியான ஆட்டத்துக்கு என்று கிளம்பி வந்துவிடுவார். ஆனால் உள்ளே போகமாட்டார். சீட்டில் மூட்டைப்பூச்சி என்பார். கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பாவம், படித்த மனிதர், பேச ஆள் இல்லை என்று நான்தான் பேச்சுக் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான். ஒருநாள் நான் பாட்டுக்கு "இன்னைக்கு வடை வேண்டாம்ங்க, இது அழுகைப் படம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாத்தியார் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, படம் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம்தான் ஆகுது. எப்படிச் சொல்ற?"

"பிடில் கேக்குதுல்ல சார்."

"பிடில் காதல் படத்துலயும்தான் வரும்."

"காதல் பிடில் மேல ஏறும் சார். இது இறங்குது. இன்னும் அரைமணி நேரத்துல யாரோ ஒரு பொம்பள சாகப்போறா."

செத்தாள். வாத்தியார் டிக்கெட் கிழிக்கிறவரை அனுப்பிப் பார்த்து வரச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டோடு வந்தார். நீலக்கலர் அட்டை. அந்த வருஷம் சித்திரையில் ஆரம்பித்து ஐப்பசி வரை, ஒரு வாரம் தவறவில்லை. "சீனியம்மா, இதைச் சொல்லு, சீனியம்மா, அதைச் சொல்லு." எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். கையில் மாவோடு நின்று காலேஜ் வாத்தியாருக்குப் பாடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரர்கூட "உன் மாணாக்கர் வந்துட்டாரு" என்பார். ஒருநாள்கூட அவரிடம் டீக்கு நான் காசு வாங்கவில்லை. அது போகட்டும்.

ஐப்பசியில் நல்ல மழை. கூட்டம் இல்லை. பஜ்ஜி மடிக்கிறதுக்குப் பழைய புத்தகக் கடையில் எடைக்கு எடுத்த வாரப் பத்திரிகைகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் இவர் படம். இதே கை, இதே தாடை. 'பேராசிரியர் தவசிலிங்கம் எழுதும் புதிய தொடர்'. சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். 'துயரப் படங்களில் பார்வையாளரின் உடலே உணவை மறுக்கிறது' என்று இருந்தது. இது என்னடா என்று இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் புரிந்தது. வடை போகாது என்று நான் சொன்னதுதான் அது, பாப்பா. என் வடைக்கு வேட்டி கட்டி விட்டிருந்தார்.

சரி, எழுதட்டும். எழுத்துக்காரர், அவர் பாஷையில் எழுதுவார். கடைசியில் நம் பேர் இருக்கும் என்று தேடினேன். பேர் இல்லை. என்ன இருந்தது தெரியுமா? இன்றைக்கு வரை எழுத்து மாறாமல் சொல்வேன். 'என் இருபதாண்டு ஆராய்ச்சியில் கண்ட உண்மை இது. காலமெல்லாம் தியேட்டரிலேயே முறுக்கு விற்றுக் கிடப்பவர்களுக்குக்கூட இது தெரியாது.'

முறுக்கு. நான் முறுக்கு விற்றதே இல்லை.

அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மூன்று ஈடு பஜ்ஜி கருகியது. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "விடு. நம்ம பேரு பத்திரிகையில வந்து என்ன செய்யப்போறோம்? மழை விட்டா கூட்டம் வரும், மாவைப் பாரு" என்றார். அவருக்கு எப்போதும் அப்படித்தான். செருப்பைத் திருடிக்கொண்டு போனவனைப் பார்த்து, பாவம், கால் சுட்டிருக்கும் என்பார்.

எனக்கு அப்படி முடியாது. தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. அழுகைப் படம் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்யலாம், என்ன செய்யலாம் என்று ஒரு வாரம் உருட்டினேன். அடுத்த சனிக்கிழமை ஒன்றுமே தெரியாதவர் மாதிரி வந்து பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார்.

"சீனியம்மா, பேய்ப் படம் மட்டும்தான் பாக்கி. அதையும் சொல்லிட்டேன்னா முடிஞ்சுது."

முடிந்துவிடுமாமே. டீயை ஆற்றிக் கையில் கொடுத்தேன், பாப்பா. சர்க்கரை கூடப் போட்டேன்.

"பேய்ப் படமா சார்? அதுல ஒரு பெரிய சூட்சுமம் இருக்கு. வெளிய சொல்லாதீங்க."

பேனாவைத் திறந்துவிட்டார்.

"இடைவேளைக்கு முன்னால கதவு சாத்துற சத்தம் ஏழு தடவை கேக்கும். எண்ணிட்டே இருக்கணும். ஏழாவது கதவுக்கு அப்புறம்தான் பேய் வரும். ஆறுலயும் வராது, எட்டுலயும் வராது."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாப் படத்துலயும். நான் ஆறாவது கதவுக்குச் சட்டியைக் காய வைப்பேன், ஏழாவதுக்கு பஜ்ஜி போடுவேன். இன்னைக்கு வரைக்கும் தப்புனதில்ல."

"நிச்சயமா?"

"அடுப்பு சாட்சி சார்."

அவருக்கு முகம் எப்படி மலர்ந்தது என்கிறாய்! "ஏன் ஏழு?" என்றார். "எனக்கென்ன சார் தெரியும், படிச்சவுக நீங்கதான் சொல்லணும்" என்றேன். அவரே சொன்னார். ஏழு கன்னிமார், ஏழு பிறவி, ஏழு கடல், ஏழு மலை. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கம் எழுதினார். போகும்போது முதல் தடவையாகக் கும்பிட்டார்.

ஒரு கதவும் கிடையாது, பாப்பா. சில படத்தில் இரண்டு சாத்தும், சில படத்தில் இருபது சாத்தும், கதவே இல்லாத காட்டுப் பேய்கூட வந்திருக்கிறது. பேய்ப் படத்துக்கு அடையாளம் சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான். எல்லாப் பாட்டும் நின்று, இருமல்கூட இல்லாமல், முந்நூறு பேர் உள்ளே இருக்கிறார்களா போய்விட்டார்களா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஓர் அமைதி வரும். நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். என் சட்டி கொதிப்பது எனக்கே பயமாக இருக்கும். அப்போதுதான் பேய் வருகிறது என்று அர்த்தம். இதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். எழுதிக்கொள்ளாதே.

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "ஏன்டி பொய் சொன்ன? அதுவும் அடுப்பு முன்னால நின்னு" என்றார். "அவரு செஞ்சது மட்டும் நியாயமா?" என்றேன். "அவரு திருடுனாரு. ஆனா உண்மையத் திருடுனாரு. நீ பொய்யக் குடுத்த" என்றார். இந்த மனிதர் யார் பக்கம் என்று எனக்குக் கடைசி வரை விளங்கவே இல்லை. போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. இருந்திருந்தால் இன்றைக்கு அவரிடமும் கண்ணாஸ்பத்திரி என்றுதான் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அதற்கப்புறம் வாத்தியார் வரவில்லை. வேலை முடிந்துவிட்டதே. மறுவருஷம் தியேட்டரையும் சாத்திவிட்டார்கள். இப்போது அங்கே கல்யாண மண்டபம். புத்தகம் வந்தது, பாடத்தில் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வாங்கவில்லை. என் சரக்கை நான் விலை கொடுத்து வாங்குவேனா? தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை உங்கள் காலேஜில்தான் படித்தது. பரீட்சை சமயத்தில் உரக்கப் படிக்கும். ஒருநாள் சோற்றை வடித்துக்கொண்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'ஏழு கதவு விதியே பேய்ப் படத்தின் தலையாய இலக்கணம்' என்று கேட்கிறது. கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். வலிக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறேன், பாப்பா. இன்றைக்கு மேடை இருக்கும், மைக் இருக்கும். அவருக்கு மேலே இருக்கிற பெரிய வாத்தியார்கள் எல்லாம் இருப்பார்கள். மாணவர்கள் கேள்வி கேட்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. மாணவர்கள்தான் கேட்கணும் என்று போடவில்லை. நான் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். 'ஐயா, ஏழு கதவு சாத்துகிற படம் ஒன்றே ஒன்று, அதன் பேரைச் சொல்லுங்கள்.' அவ்வளவுதான். சொல்லமுடியாது. ஒரு படம் இருந்தால்தானே சொல்ல? முழிக்கட்டும். வேர்க்கட்டும். அப்புறம் நான் ஜாக்கெட்டிலிருந்து அந்தத் தாளை எடுப்பேன். இதோ இருக்கிறது, பார். மடிப்பில் கிழிந்துவிட்டது, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். முறுக்குக்காரி சொன்ன பொய்யை இருபதாண்டு ஆராய்ச்சி என்று எழுதினாயே என்று எல்லார் முன்னாலும்...

என்ன? என்ன சொல்கிறாய்?

என் பேரா?

இல்லை, நீ வேறே யாரையோ சொல்கிறாய். சீனியம்மாள் என்றா இருக்கிறது? எந்தப் பக்கம்? கொடு இங்கே. நூற்றுப் பன்னிரண்டா? இரு, கண்ணாடியை எடுக்கிறேன். இவ்வளவு பொடி எழுத்தாகவா போடுவார்கள்? பஸ் வேறே குலுங்குகிறது. நீயே படி. மெதுவாகப் படி.

'இவ்விதியை எனக்குக் கூறியவர் அருப்புக்கோட்டை கனகராணி டாக்கீஸில் சிற்றுண்டிச்சாலை நடத்திய திருமதி கு. சீனியம்மாள்.'

திருமதி என்றா போட்டிருக்கிறது? இன்னொரு தடவை படி. கு. என்றால் குருவையா. அவர் பேரும் வந்துவிட்டது பார். சிற்றுண்டிச்சாலை. முறுக்கு என்று போடவில்லை.

அப்புறம்? இன்னும் ஒரு வரி இருக்கிற மாதிரி தெரிகிறதே. படி.

'இதன் சரி பிழைக்கு அவரே பொறுப்பு.'

ஓகோ.

அந்தப் புத்தகத்தைக் கொடு. மற்ற இடத்தில் பார். அழுகைப் படத்தில்? அடிதடியில்? சாமிப் படத்தில், மஞ்சத்தண்ணி வருகிற இடத்தில்? எங்கேயும் இல்லையா? நன்றாகப் பார்த்தாயா? இது ஒன்றில் மட்டும்தானா?

சந்தேகம் வந்திருக்கிறது அந்த ஆளுக்கு. உண்மையை எல்லாம் தன் பேரில் வைத்துக்கொண்டு இதை மட்டும் என் தலையில் கட்டியிருக்கிறார். நான் போய் மைக்கில் கேட்டால் என்ன சொல்லுவார்? 'அதோ, சொன்னவரே வந்திருக்கிறார், அவரிடமே கேளுங்கள்' என்பார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அடப்பாவி.

என்னது? வகுப்பில் வேறே சொல்வாரா? எப்படிச் சொல்வார்? 'சீனியம்மாள் விதி'யா? எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வீர்களா? கேள்வித்தாளிலேயே அப்படி வருகிறதா? பத்து மார்க்கா.

ஒரு வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகள் இருப்பீர்கள்? அறுபதா? ஒன்பது வருஷம். ஐந்நூறு பிள்ளைகளுக்கு மேல் என் பேரை எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் எழுதியிருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். சீனியம்மாள் நான்தான் என்று அதற்கு எங்கே தெரியும்? என்னை அது 'பக்கத்து வீட்டு ஆச்சி' என்றுதான் கூப்பிடும்.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடு. வேண்டாம், என்னிடமே இருக்கிறது.

எழுந்திருக்கணுமா? ஸ்டாப் வந்துவிட்டதா? அதுதான் காலேஜ் கேட்டா? வாழைமரம் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். அவசரப்படாதே, நிற்கட்டும், எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இந்தப் பையைக் கொஞ்சம் பிடி.

பாப்பா, உனக்கு எப்போது பரீட்சை? திங்கட்கிழமையா? நல்லதாகப் போயிற்று. நான் சொல்வதைக் கேட்டுக்கொள். அதில் ஏழு என்றுதானே போட்டிருக்கிறது? தப்பு. நான் எட்டு என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பஸ்ஸில் வரும்போது ஆயிரம் பேசுவோம், அதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்பாயா? சொன்னவள் நான். நான் எட்டு என்கிறேன். ஏழாவது கதவுக்குச் சட்டியைக் காய வைப்பேன், எட்டாவதுக்குத்தான் பஜ்ஜி. அந்த ஆள் டீ குடிக்கிற மும்முரத்தில் ஒன்றைக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறார். நீ திங்கட்கிழமை எட்டு என்றே எழுது. மார்க்கைக் குறைத்தால், விதிக்குச் சொந்தக்காரியே சொன்னாள் என்று சொல்லு.

இறங்கு, இறங்கு. முன்வரிசையில் இடம் பிடிக்கணும். அத்தனை பேர் முன்னாலும் மைக்கை வாங்கி, சீனியம்மாளின் எட்டாவது கதவை என்ன செய்தீர்கள் வாத்தியாரே என்று கேட்கப்போகிறேன்.